ராகியின் இரும்பு ரத்தத்துக்கு வருகிறதா?

கேள்வி

எனக்கு 41 வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்றரை வருஷமாக என் ஹீமோகுளோபின் ஒன்பதரையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நாத்தனார் சொன்னார் என்று தினமும் காலையில் ராகிக் கஞ்சி, வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, நான்கு பேரீச்சம்பழம், கிடைத்தால் மாதுளை என்று விடாமல் சாப்பிடுகிறேன். கஞ்சி குடித்த கையோடு ஒரு டம்ளர் டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அந்த டீயோடுதான் விழுங்குகிறேன். ராகி மாவுப் பாக்கெட்டில் ‘இரும்புச்சத்து நிறைந்தது, பாலிஃபீனால் நிறைந்தது’ என்று போட்டிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளோ, பாலிஃபீனால்தான் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்று அவள் தோழி சொன்னதாகச் சொல்கிறாள். எது உண்மை? ராகியை நிறுத்தவா, டீயை நிறுத்தவா?

பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்.

பதில்

பாலிஃபீனால் பற்றிப் பாக்கெட்டில் இருப்பதும் உண்மை, உங்கள் மகளின் தோழி சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய பேச்சு. ராகியை நிறுத்த வேண்டாம். டீயையும் நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். ஆனால் மாத்திரையை மட்டும் நாளையிலிருந்தே டீயோடு விழுங்காதீர்கள்.

இதைச் சொல்வதற்கு முன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உணவு அறிவியல் படித்தவள், மருத்துவர் அல்ல. ஒன்றரை வருஷம் ஒன்பதரையிலேயே நிற்பதைக் கஞ்சியாலும் கீரையாலும் மட்டும் சரிசெய்துவிட முடியாது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, கர்ப்பப்பையில் கட்டி ஏதாவது உண்டா, வயிற்றில் கொக்கிப்புழு உண்டா, பி12 குறைவா என்று ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 41 வயதில் முதல் சந்தேகம் ரத்தப்போக்கின் மேல்தான் விழும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது.

இனி பாலிஃபீனாலுக்கு வருவோம். பழைய இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கியிருப்பீர்கள். அலகும் விரலும் கருத்துப்போகும். எவர்சில்வர் கத்தியில் அவ்வளவு கறுப்பு ஏறாது. வாழைப்பூவின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பாலிஃபீனால் வகை. அது இரும்பைச் சந்தித்தவுடன் இறுகப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத கறுப்புச் சேர்மமாகிவிடுகிறது. ஒரு காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வேதியியலை வைத்துத்தான். அரிவாள்மனையில் நடப்பதுதான் உங்கள் வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்திலும் நடக்கிறது. இரும்பு உடம்புக்குள் நுழைகிற வாசல் அது. கரைந்த நிலையில் இருக்கும் இரும்புதான் அங்கே உள்ளே போக முடியும். டானினோடு ஒட்டிக்கொண்டது மலத்தோடு வெளியே போய்விடும்.

தேநீர் இரும்பைத் தடுக்கிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975லேயே மனிதர்களிடம் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் எந்தப் பானம் எவ்வளவு தடுக்கிறது என்று வரிசையாக அளந்தவர் ரிச்சர்ட் ஹரெல். நெஸ்லே ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மனித ஊட்டச்சத்துப் பேராசிரியரானவர். தாவரங்களில் இரும்போடு கூடவே என்னென்ன இருக்கிறது, அவை இரும்பை என்ன செய்கின்றன என்பதே அவருடைய நீண்டகால ஆய்வு. 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இன்றும் எங்கள் துறையில் எல்லாரும் புரட்டுகிற ஒன்று. கதிரியக்க இரும்பால் அடையாளமிட்ட ரொட்டியைச் சாப்பிடக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நாள் தண்ணீர், இன்னொரு நாள் ஏதாவது ஒரு பானம். பிறகு ரத்தம் எடுத்து, அந்த இரும்பில் எவ்வளவு சிவப்பணுக்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். ஆய்வுக்குழாய்க் கணக்கு அல்ல, ஆள் உடம்பில் எடுத்த கணக்கு.

தண்ணீரோடு ஒப்பிட்டால், கறுப்புத் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. கோகோ 71 சதவீதம். மூலிகைத் தேநீர்தானே, கெடுதல் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: புதினாத் தேநீர் 84 சதவீதம் குறைத்தது. சாமந்திக் குடும்பத்துச் சீமைச்சாமந்தித் தேநீர்கூட 47 சதவீதம். டீயிலும் காபியிலும் பால் சேர்த்துப் பார்த்தார்கள். தடுப்பு பெரிதாக மாறவில்லை. பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்கிவிடும், ஆகவே பிரச்சினை இல்லை என்று நம் வீடுகளில் சொல்வது நாக்கைப் பொறுத்தவரை சரி, இரும்பைப் பொறுத்தவரை சரியில்லை. பாலில் இருக்கும் கால்சியமும் தன் பங்குக்கு இரும்பைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும்.

அப்படியானால் பாலிஃபீனால் அதிகம் உள்ள எல்லாமே இரும்புக்கு எதிரியா? இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஹரெலின் குழுவினர் தாய்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் மிளகாயையும் மஞ்சளையும் சோதித்தார்கள். சோறு, காய்கறி, இரும்பு சேர்த்த மீன் சாறு கொண்ட சாப்பாட்டை இளம்பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வேளை அதில் மிளகாய், ஒரு வேளை மஞ்சள். பாலிஃபீனால் அளவில் மஞ்சள்தான் மிளகாயைவிட இரண்டு மடங்கு. ஆனால் மஞ்சளால் இரும்பு குறையவே இல்லை. மிளகாயால் 38 சதவீதம் குறைந்தது. மொத்த அளவை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது, மூலக்கூறின் அமைப்பும் முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் அமைந்த பாலிஃபீனால்கள்தான் இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கின்றன. தேயிலையிலும் செந்நிற ராகியின் மேல்தோலிலும் அந்த வகை நிறைய. ‘பாலிஃபீனால் நிறைந்தது’ என்று பொதுவாக அச்சடிக்கும் பாக்கெட் இந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்வதில்லை. அது எந்த வகை என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது.

ராகியில் பாலிஃபீனால் மட்டும் இல்லை, ஃபைட்டிக் அமிலமும் உண்டு. முளைக்கப்போகும் செடிக்காக விதை சேர்த்துவைக்கும் பாஸ்பரஸ் சேமிப்பு அது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1988இல் வெள்ளை ராகியையும் நிற ராகியையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடம்புக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு வெள்ளை ராகியில்தான் அதிகம் இருந்தது. டானினில்தான் பெரிய வித்தியாசம்.

வெள்ளை ராகி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது என்று தெரியும். அதற்கு நம் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ராகியை இரவு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பது. பிள்ளைகளுக்குக் கஞ்சி மாவு இப்படித்தான் அரைப்போம். முளைவிடும்போது விதைக்குள் இருக்கும் நொதி விழித்துக்கொண்டு ஃபைட்டிக் அமிலத்தை உடைக்கிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கல்பனா பிளாட்டெல், கே. சீனிவாசன் குழுவினர் 2010இல் இதை அளந்தார்கள். முளைகட்டி மாவாக்கிய ராகியில், செரிமானத்துக்குப் பின் கரைந்து கிடைக்கும் இரும்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதே முறையில் பார்லியைச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. இது ஆய்வகத்தில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த முடிவு. மனித உடம்பில் அப்படியே மூன்று மடங்கு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இரவு கரைத்துப் புளிக்கவைத்த கூழும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கும். மாவைத் தண்ணீரில் கரைத்து உடனே காய்ச்சும் கஞ்சிதான் இந்த விஷயத்தில் கடைசி இடம்.

இப்போது எண்களைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த நாட்டுப் பரிந்துரை 18 தான். நம் உடம்பு வேறு, அவர்கள் உடம்பு வேறு என்பதால் வந்த வித்தியாசம் இல்லை. நம் தட்டில் தானியமும் பருப்பும் மிகுதி, அதிலிருந்து உள்ளே போகும் பங்கு குறைவு என்று கணக்கிட்டே நமக்கு அந்தப் பெரிய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 100 கிராம் ராகியில் இரும்பு ஐந்து மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு 40 கிராம் மாவு போடுவீர்களா? அதில் இரண்டு மில்லிகிராம் இருந்தால் பெரிது. கணக்குக்காக ஐந்து சதவீதம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். மாதவிடாய் வரும் பெண்ணின் உடம்புக்கு நாளொன்றுக்கு உள்ளே சேர வேண்டியது சுமார் ஒன்றரை மில்லிகிராம். இந்தக் கணக்கில் டீ இன்னும் வரவே இல்லை.

மாதுளை? சாப்பிடுங்கள், ருசியான பழம். ஆனால் 100 கிராம் முத்தில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதன் சிவப்பு, ஆந்தோசயனின் என்னும் நிறமி. பீட்ரூட்டின் சிவப்பு வேறொரு நிறமி. ரத்தத்தின் நிறத்தில் இருப்பதெல்லாம் ரத்தத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மருத்துவமனைக்குப் பழம் வாங்கிப் போகும் பழக்கத்தையே உருவாக்கிவிட்டது. நாலு பேரீச்சம்பழத்தில் வருவதும் சொற்பம்தான்.

முருங்கைக்கீரையை விட வேண்டாம். இரும்பு மட்டுமல்ல, வைட்டமின் சி, கால்சியம், வைட்டமின் ஏ ஆவதற்கான கரோட்டின் எல்லாம் அதில் நிறைய. வெகுநேரம் வேகவைத்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிவதில் அர்த்தம் இருக்கிறது. வைட்டமின் சி இரும்பைக் கரையும் வடிவத்தில் வைத்திருக்கும், ஃபைட்டிக் அமிலத்தின் பிடியையும் தளர்த்தும். ஹைதராபாத் நிறுவனத்தினர் வளரிளம் பிள்ளைகளுக்குச் சோற்றுச் சாப்பாட்டோடு கொய்யாப்பழம் கொடுத்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இரும்பு உள்ளே போனது இரண்டு மடங்கு அளவுக்கு உயர்ந்தது. தாராபுரம் சந்தையில் மாதுளைக்குக் கொடுக்கும் காசில் எத்தனை கொய்யா வரும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்பது முக்கியம். மாலை நான்கு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டால் மதியச் சோற்றின் இரும்புக்கு அது உதவாது.

இரும்புச் சட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எத்தியோப்பியாவில் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இரும்புப் பாத்திரமும் அலுமினியப் பாத்திரமும் கொடுத்து ஒரு வருஷம் சமைக்கச் சொன்னார்கள். 1999இல் வந்த முடிவில், இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளின் ஹீமோகுளோபின் தெளிவாகவே கூடியிருந்தது. புளிக்குழம்பு மாதிரிப் புளிப்புள்ளது சட்டியிலிருந்து அதிகம் இரும்பை இழுக்கும். குழம்பு கொஞ்சம் கறுக்கும், லேசான இரும்பு வாசனை வரும், வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம்.

டீ நேரத்துக்கு வருவோம். 1983இல் காபியை வைத்துச் செய்த சோதனையில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த காபி இரும்பை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சாப்பாட்டோடு குடித்த அதே அளவு தடுத்தது. 2017இல் பிரிட்டன் பெண்களிடம் டீயை வைத்துப் பார்த்தபோது, ஒரு மணி நேர இடைவெளி தடுப்பைப் பாதியாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது: முன்னால் குடிப்பதுதான் பாதுகாப்பு. எழுந்தவுடன் ஆறு மணிக்கு உங்கள் டீயைக் குடித்துவிடுங்கள், தலைவலிக்கு அது போதும். கஞ்சி ஏழரைக்கு. அடுத்த டீ பத்து மணிக்கு. டீ அப்படியே இருக்கும். இடம் மட்டும்தான் மாறும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன பெரிய சதவீதங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து எடுத்தவை. பல நாள் பலவகை உணவு சாப்பிடும்போது தாக்கம் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. உடம்பும் கொஞ்சம் பழகிக்கொள்கிறது. இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுக்கு எட்டு வாரம் ஃபைட்டிக் அமிலம் மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது அதன் தடுப்பு வலு குறைந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கிற உங்கள் வீட்டு ஆண்கள் சாப்பிட்டவுடன் டீ குடித்தால் நான் கவலைப்பட மாட்டேன். இந்தக் கட்டுப்பாடெல்லாம் உங்களைப் போல இருப்பு காலியானவர்களுக்கு.

பாலிஃபீனாலால் நன்மையே இல்லையா என்று மகள் கேட்கக்கூடும். சர்க்கரை மெதுவாக ஏறுவது, குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாவது என்று சில நன்மைகளுக்கு நல்ல ஆதாரங்கள் சேர்ந்துவருகின்றன. ஆனால் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பு மதிப்பு’ என்று ஒரு எண்ணைப் போட்டு விற்பதை நம்ப வேண்டாம். ஆய்வுக்குழாயில் எடுத்த அந்த மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. உடம்பில் நடப்பதை அது காட்டவில்லை என்பதும், விற்பனைக்காரர்கள் அதைத் தப்பாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். இரும்பைத் தடுக்கும் குணமே சிலருக்கு மருந்தாவதும் உண்டு. பரம்பரையாக உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோயாளிகள் சாப்பாட்டோடு தொடர்ந்து டீ குடித்தபோது இரும்பு சேர்வது குறைந்ததை 1998இல் ஒரு ஜெர்மன் ஆய்வு பதிவுசெய்தது. உங்களுக்கு எது கூடாதோ அதுவே அவர்களுக்கு வேண்டியதாக இருந்தது.

கடைசியாக மாத்திரை. அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இத்தனை நாளாக நீங்கள் அதை டீயில் கரைத்துக் கீழே விட்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2023இல் மாத்திரையைக் காபியோடு கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போனது பாதிக்கும் கீழே இறங்கியது. வைட்டமின் சி சேர்த்தபோது சுமார் 30 சதவீதம் கூடியது. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரிலோ எலுமிச்சைத் தண்ணீரிலோ விழுங்குங்கள். மாத்திரை போடும் நாளில் ஆறு மணி டீயை விட்டுவிட்டு, மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது கழித்து, பத்து மணிக்கே குடியுங்கள். காலை டீ இல்லாமல் முடியாது என்றால் மாத்திரையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்போதும் டீ, பால், கால்சிய மாத்திரை பக்கத்தில் வரக் கூடாது. வயிறு எரிந்தால் சாப்பிட்ட பின் போடுங்கள், பலன் கொஞ்சம் குறையும், போடாமல் விடுவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலும் அதிகப் பங்கு உள்ளே போகிறது என்பதற்கு 2017 முதல் நல்ல ஆதாரம் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். ஃபெரிட்டின் பரிசோதனையையும் அவரிடம் கேளுங்கள், சேமிப்பில் எவ்வளவு மிச்சம் என்று அதில்தான் தெரியும்.

சரியாக எடுத்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் உணவில் இல்லை, திரும்பவும் மருத்துவரிடம் போங்கள். பன்னிரண்டைத் தொட்டவுடன் நிறுத்தியும் விடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும்.

உங்கள் மகளுக்கும் ஒருமுறை ரத்தம் சோதித்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கல்லூரிக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டோடு அவள் என்ன குடிக்கிறாள் என்றும் கேட்டுவையுங்கள்.